கிரீன்கியூப்: ஒரு மணி நேரம் கூடவே இருக்கும் மாணவர் செயற்கைக்கோள்

ஹாம் ரேடியோ, அதாவது உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காக ரேடியோவில் பேசும் அமெச்சூர்களில் ஒருவன் நான். பத்து நிமிடத்தில் ஓடி மறைகிற செயற்கைக்கோள்களின் பின்னால் பல வருடம் ஓடியவன். கையில் சின்ன யாகி ஆன்டெனா, தோளில் ரேடியோ, காதில் ஹெட்போன், மொட்டைமாடியில் வடக்கே பார்த்து நின்றுகொண்டு நொடிக்கு நொடி கடிகாரம் பார்ப்பது. எஸ்.ஓ.-50 என்ற அமெச்சூர் செயற்கைக்கோளைத் தெரிந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். 2002 டிசம்பரில் மேலே போனது அது. 74.4 ஹெர்ட்ஸ் தொனி கொடுத்தால் 10 நிமிடத்துக்கு விழித்துக்கொள்ளும், அதன்பிறகு 67 ஹெர்ட்ஸ் தொனியோடு பேச வேண்டும், அந்த 10 நிமிடத்துக்குள் இருபது முப்பது பேர் ஒரே அலைவரிசையில் ஒருவர் மேல் ஒருவர் ஏறிக் கூப்பிடுவார்கள். கால்சைன் (நிலையத்தின் அடையாளப் பெயர்), கிரிட் (இருக்கும் இடத்தின் குறியீடு), 73 (வாழ்த்துகள்), முடிந்தது. நமக்கு வாய்ப்பு வருவதற்குள் அது அடிவானத்தில் இறங்கிவிடும்.

அந்தப் பழக்கத்திலிருந்து வந்தவனுக்கு கிரீன்கியூப் வேறொரு உலகமாக இருந்தது. 2023-இல் பெரும்பாலான இரவுகள் இதனோடுதான் கழிந்தன. அந்த அனுபவத்தை வைத்துத்தான் எழுதுகிறேன், சேவை பற்றிச் சொல்வதெல்லாம் அப்போதைய நிலவரம். நல்லதையும் சொல்கிறேன், குறையையும் சொல்கிறேன்.

ரோம் நகரத்தின் சபியென்சா பல்கலைக்கழகத்தில் எஸ்5லேப் என்று ஒரு ஆய்வகம் இருக்கிறது. அங்கே மாணவர்களும் ஆய்வாளர்களும் சேர்ந்து உருவாக்கிய செயற்கைக்கோள் இது. 10 செ.மீ. கனசதுரம் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் என்ன அளவு வருமோ அவ்வளவுதான் மொத்தமும், ஒரு ஷூ பெட்டியை விட ஒல்லி. அதற்குள்ளும் பெரும்பகுதி இடத்தை ரேடியோவுக்குக் கொடுக்கவில்லை, செடிக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஆமாம், செடிதான். காற்றுப் புகாத ஒரு சின்ன அறை, அதற்குள் வெளிச்சம், தண்ணீர், வெப்பம் எல்லாவற்றையும் தானாகக் கட்டுப்படுத்தி, கிரெஸ் என்கிற சிறு கீரையை மண் இல்லாமல் முளைக்க வைக்கும் சோதனை. பெயரில் உள்ள பச்சை அதிலிருந்து வந்ததுதான். நேப்பிள்ஸ் பல்கலைக்கழகமும் எனியா என்ற இத்தாலிய ஆராய்ச்சி அமைப்பும் இதில் கூட்டு.

2022 ஜூலை 13 அன்று பிரெஞ்சு கயானாவின் கூரூ ஏவுதளத்திலிருந்து வேகா-சி ராக்கெட்டின் முதல் பயணத்தில் இது கிளம்பியது. முதல் பயணம் என்றாலே பயம்தான், அதில் இடம் கொடுத்தால் மாணவர்கள் வாங்கிக்கொள்வார்கள், பெரிய நிறுவனங்கள் யோசிக்கும். அந்த முதல் பயணம் நல்லபடியாக முடிந்தது. அதே ராக்கெட்டின் இரண்டாவது பயணம் 2022 டிசம்பரில் தோற்றுப் போனது என்பதை நினைத்தால் இப்போதும் ஒரு பெருமூச்சு வருகிறது. அந்த முதல் ராக்கெட்டின் முக்கியப் பயணி லாரெஸ்-2 என்ற ஒரு உலோகப் பந்து. பூமி சுழலும்போது தன்னைச் சுற்றியுள்ள காலவெளியை இழுக்கிறதா என்று லேசர் வைத்து அளப்பதற்கான பந்து அது. அந்தப் பந்துக்கு வேண்டிய உயரம் கிட்டத்தட்ட 5,900 கி.மீ. கூடப் போன சின்னப் பெட்டிகளும் அதே உயரத்தில் இறங்கின. மாணவர் செயற்கைக்கோள்களுக்கு வழக்கமாகக் கிடைப்பது 400-லிருந்து 600 கி.மீ. உயரம். இதற்குக் கிடைத்தது அதைப்போல பத்து மடங்கு.

இந்த உயரம்தான் எல்லாவற்றுக்கும் காரணம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 500 கி.மீ. உயரத்தில் சுற்றுகிற ஒன்று பூமியை ஒன்றரை மணி நேரத்தில் சுற்றிவிடும், நம் தலைக்கு மேல் அது இருப்பது அதிகம் போனால் 12 நிமிடம். கிரீன்கியூப் ஒரு சுற்றுக்கு 225 நிமிடம் எடுக்கும், அதாவது மூன்றே முக்கால் மணி. நல்ல உயரமாக வருகிற ஒரு தரிசனத்தில் (அது ஒருமுறை உதித்து மறைவதைத்தான் அப்படிச் சொல்கிறேன்) அடிவானத்திலிருந்து அடிவானம் வரை ஒரு மணி நேரத்துக்கும் மேல் கிடைக்கும். அதோடு, அங்கிருந்து பார்த்தால் ஒரே நேரத்தில் தெரிகிற நிலப்பரப்பு பிரம்மாண்டம். அதற்கு நேர் கீழே தரையில் உள்ள புள்ளியிலிருந்து எல்லாப் பக்கமும் சுமார் 6,500 கி.மீ. வரை கேட்கும். இந்த ஓரத்தில் நான், அந்த ஓரத்தில் இன்னொருவர் என்றால் இடையில் கிட்டத்தட்ட 13,000 கி.மீ. வரலாம். கண்டம் விட்டுக் கண்டம் என்பது இதில் சாதாரண நாள் கணக்கு.

இன்னொன்றும் இருக்கிறது. தாழ்வாகச் சுற்றுகிற செயற்கைக்கோள்களைக் காற்று உராய்ந்து உராய்ந்து சில வருடத்தில் கீழே இழுத்துவிடும். இதற்கு அந்தக் கவலையே கிடையாது. பேசினாலும் பேசாவிட்டாலும் நம் காலத்துக்கும் அப்பால் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

சரி, சேவை எப்படி? 2022 முடிவதற்குள்ளேயே இதன் டிஜிபீட்டரை அமெச்சூர்களுக்குத் திறந்துவிட்டார்கள், ஐ.ஓ.-117 என்ற ஆஸ்கர் எண்ணும், அதாவது அமெச்சூர் செயற்கைக்கோள்களுக்குக் கொடுக்கிற வரிசைப் பெயரும், கிடைத்தது. இத்தாலி-ஆஸ்கர் 117 என்பதன் சுருக்கம் அது. டிஜிபீட்டர் என்றால் பேச்சு கிடையாது, எழுத்து மட்டும்தான். நீங்கள் ஒரு சின்னச் செய்தியைத் தட்டச்சு செய்து 435.310 மெகாஹெர்ட்ஸில் ஒரு பாக்கெட்டாக, அதாவது ஒரு சின்ன டிஜிட்டல் பொட்டலமாக, அனுப்ப வேண்டும், செயற்கைக்கோள் அதைப் பிழையில்லாமல் வாங்கினால் அதே அலைவரிசையில் அப்படியே திருப்பிச் சொல்லும், அந்த ஆறாயிரம் கிலோமீட்டர் வட்டத்துக்குள் இருக்கிற எல்லோருடைய திரையிலும் அது விழும். வேகம் நொடிக்கு 1,200 பிட். ஒரு செய்தி போய்த் திரும்புவது ஒரு மூச்சு விடும் நேரம். ஸ்பீக்கரில் கேட்டால் துணியைச் சட்டென்று கிழித்த மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். ஆனால் அந்தச் சத்தத்துக்குப் பின்னால் திரையில் நம் கால்சைன் வரும்போது வருகிற சந்தோஷம் இருக்கிறதே, அதை அனுபவித்தால்தான் தெரியும்.

எனக்கு அந்தச் சந்தோஷம் சுலபமாகக் கிடைக்கவில்லை. முதல் மூன்று வாரம் நான் பட்ட பாட்டை எழுதினால் புதிதாக வருகிற யாராவது ஒருவருக்காவது உதவும் என்பதால் எழுதுகிறேன்.

கேட்பது முதல் நாளே கிடைத்துவிட்டது. பன்னிரண்டு எலிமென்ட் யாகி, அதன் அடியிலேயே ஒரு எல்.என்.ஏ. (வருகிற மெல்லிய சிக்னலைப் பெருக்கும் கருவி), லாப்டாப்பில் சவுண்ட் கார்டை மோடமாக்கும் மென்பொருள். இதற்கென்றே ஒரு அமெச்சூர் எழுதி எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்திருக்கிற டெர்மினல் மென்பொருளும் இருக்கிறது. கால்சைன்கள் வரிசையாக விழுந்தன. ஜப்பான், இத்தாலி, தென்னாப்பிரிக்கா, கஜகஸ்தான். ஆனால் நான் அனுப்பினால் ஒன்றுமே திரும்பவில்லை. பவரை ஏற்றினேன். கேபிளை மாற்றினேன். அந்தக் கேபிளின் முனை கனெக்டர் ஒன்று உள்ளே பற்றவைக்காமலேயே விற்கப்பட்டிருந்தது, அதைக் கண்டுபிடிக்கவே ஒரு வாரம் போனது. சரி, இதுதான் காரணம் என்று நிம்மதியாக உட்கார்ந்தால் அப்போதும் இல்லை. ஒரு விசித்திரம் மட்டும் நடந்தது. ஒவ்வொரு தரிசனத்திலும் அது மிக உயரத்தில் இருக்கும் நேரத்தில் மட்டும், நாலைந்து நிமிடம், என் பாக்கெட் திரும்பி வரும். அதற்கு முன்னும் வராது, பின்னும் வராது.

உயரத்தில் இருக்கும்போது பக்கத்தில் இருக்கிறது, அதனால் சிக்னல் பலமாகப் போகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். தப்பு. தலைக்கு மேல் 5,900 கி.மீ., அடிவானத்தில் சுமார் 10,500 கி.மீ. இரண்டு மடங்குகூட வித்தியாசம் இல்லை. மூன்று வாரம் கழித்து ஒரு தாளில் எழுதிப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. டாப்ளர். செயற்கைக்கோள் நம்மை நோக்கி வரும்போது அதன் அலைவரிசை நமக்கு உயர்வாகக் கேட்கும், 435.310-இல் அது சொல்வது நமக்கு 435.314 பக்கம் கேட்கும். அதற்குச் சரியாக நான் கேட்கும் அலைவரிசையை ஏற்றி வைத்திருந்தேன். நான் அனுப்புவதும் அதே 435.314-இல்தான் போய்க்கொண்டிருந்தது. போகிற வழியில் அதற்கும் டாப்ளர் ஏறும் அல்லவா? செயற்கைக்கோளின் காதுக்கு அது 435.318 ஆகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. எட்டு கிலோஹெர்ட்ஸுக்கும் மேல் விலகல், அதற்கு எப்படிக் கேட்கும். செய்ய வேண்டியது நேர் எதிர்: 435.314-இல் கேட்க வேண்டும், 435.306-இல் அனுப்ப வேண்டும், அப்போதுதான் மேலே போய்ச் சேரும்போது 435.310 ஆக இருக்கும். உச்சத்தைக் கடக்கும் நிமிடத்தில் டாப்ளர் பூஜ்யம் என்பதால்தான் அந்த நாலைந்து நிமிடம் மட்டும் எனக்குக் கதவு திறந்தது.

இரண்டுக்கும் ஒரே அலைவரிசை என்று எழுதியிருப்பதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். ட்ராக்கிங் மென்பொருளில் அனுப்பும் திருத்தமும் கேட்கும் திருத்தமும் தனித்தனியாக, எதிர்த் திசையில் ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள். மற்றதெல்லாம் பிறகு.

அந்தத் திருத்தத்தைச் செய்த இரவு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. பதினொன்றரை மணி இருக்கும். வடக்கே அடிவானத்துக்கு மேல் 8 டிகிரியில்தான் அது எட்டிப் பார்த்திருந்தது, இந்த உயரத்தில் எனக்கு இதுவரை ஒரு பாக்கெட்டும் திரும்பியதில்லை. சிக்யூ, அதாவது யாராவது பதில் சொல்லுங்கள் என்ற பொது அழைப்பை, ஒரு தட்டு தட்டினேன். ரேடியோவின் சிவப்பு விளக்கு எரிந்து அணைந்தது, அரை நொடி, அப்புறம் அந்தக் கிழிசல் சத்தம், திரையில் என் கால்சைன். கை நடுங்கியது என்றே சொல்லலாம். அடுத்த வரியில் ஒரு ஜப்பான் நிலையம் என் பெயரைப் போட்டு பி.எம்.95 என்று கிரிட்டை அனுப்பியிருந்தார், தோக்கியோ பக்கம். நான் பதில் அனுப்பி அவர் 73 சொல்லி முடிப்பதற்குள் ரோம் பக்கத்திலிருந்து ஜே.என்.61 கிரிட்டில் இன்னொருவர். அந்த ஒரு தரிசனத்தில் பதினாலு பேர். எஸ்.ஓ.-50-இல் ஒரு மாதம் உழைத்தாலும் எனக்கு அவ்வளவு தேறியதில்லை.

ஒரு மணி நேரம் இருக்கிறது என்பது மனசை எப்படி மாற்றுகிறது என்பதை நான் எதிர்பார்க்கவே இல்லை. அவசரம் போய்விடுகிறது. ஒரு பாக்கெட் தவறினால் இன்னொன்று அனுப்பலாம். நடுவில் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம். ஆன்டெனாவை மணிக்கட்டில் மெதுவாகத் திருப்பித் திருப்பிப் பார்த்து எந்தக் கோணத்தில் சிக்னல் நன்றாக வருகிறது என்று கற்றுக்கொள்ளலாம். செயற்கைக்கோள் உருண்டுகொண்டே போவதால் அலையின் தளமும் திரும்பிக்கொண்டே இருக்கும், சாதாரண யாகியில் நிமிடத்துக்கொரு தரம் சத்தம் அடங்கி ஏறும். பத்து நிமிடத் தரிசனத்தில் இதையெல்லாம் கவனிக்க யாருக்கு நேரம்.

எனக்கு ஹாம் ரேடியோ சொல்லிக்கொடுத்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். 1990-களில் ஏ.ஓ.-13-இல் மோர்ஸும் குரலும் பேசியவர். அது நீள்வட்டத்தில் மிக உயரம் போய்வரும் பெரிய செயற்கைக்கோள், மணிக்கணக்கில் பேசலாம், 1996 டிசம்பரில் எரிந்து விழுந்தது. அதற்குப் பிறகு உயரத்தில் அமெச்சூர்களுக்குக் கிடைத்த ஏ.ஓ.-40-உம் 2004 ஜனவரியோடு ஊமையாகிவிட, அவர் செயற்கைக்கோள் பக்கமே வருவதை விட்டுவிட்டார். ஒருநாள் அவரை அழைத்து வந்து பக்கத்தில் உட்காரவைத்தேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் திரையைப் பார்த்தவர், "இதுல குரலே வராதா தம்பி?" என்றார்.

"வராது சார். எழுத்து மட்டும்தான்."

"தந்தி மாதிரி."

"ஆமாம் சார், தந்தி மாதிரிதான்."

ஒரு ஐரோப்பிய நிலையமும் ஒரு ஆப்பிரிக்க நிலையமும் மாறி மாறி எழுதுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம், "இத்துனூண்டு பெட்டியா இது? பசங்க செஞ்சதா?" என்று இரண்டு முறை கேட்டார். அவர் காலத்து ஏ.ஓ.-13 மேலே போகும்போது நூறு கிலோவைத் தாண்டிய எடை. போகும்போது, "குரல் இல்லைங்கிறது எனக்குக் குறைதான். ஆனா இந்த உயரத்துக்கு மறுபடி ஒருத்தர் நமக்காகக் கதவைத் திறந்துவிட்டாங்க பார், அதுக்கு நன்றி சொல்லணும்" என்றார். வார்த்தைக்கு வார்த்தை நானும் அதையே சொல்வேன்.

செடி வளர்ப்பதுதான் இதன் வேலை. அதை மட்டும் பார்த்துக்கொண்டு போயிருக்கலாம், கேட்பதற்கு யாரும் இல்லை. அமெச்சூர் அலைவரிசையில் தரவு அனுப்பிய மாணவர் செயற்கைக்கோள்கள் ஏராளம். பீக்கன் என்ற தானியங்கி அடையாள சிக்னல் மட்டும் கத்தும், நாம் கேட்கலாம், பதிவு செய்து அனுப்பி உதவலாம், அதோடு சரி. நம் அலைவரிசையைப் பயன்படுத்துகிறவர்கள் நமக்கும் ஏதாவது ஒரு பயனைக் கொடுக்க வேண்டும் என்று அமெச்சூர்கள் பல வருடமாகக் கேட்டு வருகிறார்கள். இந்த ரோம் மாணவர்கள் அதை முழு மனதோடு செய்தார்கள். கூடுதலாக ஒரு ரேடியோ ஏற்றவில்லை, இருந்த ரேடியோவையே டிஜிபீட்டராக்கித் திறந்துவிட்டார்கள். உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் கண்டுகொள்ள அது போதுமானதாக இருந்தது.

இப்போது குறைகள். இருக்கின்றன, மறைக்க மாட்டேன்.

பெரிய குறை நெரிசல். ஒரே ஒரு அலைவரிசை, அதிலேயே கேட்கவும் வேண்டும் பேசவும் வேண்டும். செயற்கைக்கோள் ஒரு பாக்கெட்டைத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கும் அந்த அரை நொடி அதற்குக் காது கிடையாது. அந்த நேரத்தில் நீங்கள் அனுப்பியது வீண். இரண்டு பேர் ஒரே நேரத்தில் அனுப்பினாலும் பெரும்பாலும் இரண்டுமே வீண், இல்லாவிட்டால் பவர் அதிகம் உள்ளவருடையது மட்டும் போகும். வட்டத்துக்குள் ஐரோப்பா முழுவதும் இருக்கிற நேரத்தில், அதிலும் சனி ஞாயிறு மாலைகளில், பத்து அனுப்பினால் ஒன்று தேறுவதே பெரிய விஷயம். இதில் என் மனத்தாங்கல் செயற்கைக்கோள் மேல் இல்லை. பத்து நொடிக்கு ஒருமுறை தானாகவே சிக்யூ போடும்படி வைத்துவிட்டுப் போய்விடுகிற சிலர் மேல்தான். ஒரு முறை அனுப்பி, முப்பது நொடியாவது காத்து, மற்றவர் முடிக்கிறாரா என்று பார்த்து, அப்புறம் அனுப்பினால் எல்லோருக்கும் இடம் இருக்கிறது. நள்ளிரவுக்குப் பிறகு வருகிற தரிசனங்களில் பத்துப் பேர்தான் இருப்பார்கள், எல்லோரும் பொறுமையாக இருப்பார்கள், அனுப்பியது எல்லாம் திரும்பி வரும். என்னைக் கேட்டால் அந்த நேரம்தான் இந்தச் சேவையின் உண்மையான முகம்.

இரண்டாவது, திடீர் மௌனம். இது சுற்றுகிற உயரம் வான் ஆலன் கதிர்வீச்சு வளையத்தின் உட்பகுதி. வேகமான புரோட்டான்கள் ஓயாமல் தாக்குகிற இடம். அங்கே ஒரு மின்னணுச் சிப்பில் ஒரு பிட் புரண்டுபோவது என்பது அன்றாடம் நடக்கக்கூடியது. அப்படி நடந்தால் டிஜிபீட்டர் அணைந்துவிடும், தரையிலிருந்து மறுபடி கட்டளை கொடுத்து எழுப்பும்வரை அமைதிதான். தயார் செய்து உட்கார்ந்து, ஒரு மணி நேரமும் வெறும் இரைச்சலைக் கேட்டுவிட்டு எழுந்த இரவுகள் எனக்கு உண்டு. வருத்தமாகத்தான் இருக்கும். ஆனால் பெரிய செயற்கைக்கோள்களே கனமான கவசம் போட்டுக்கொண்டு போகிற இடத்தில் இந்தப் பெட்டி வேலை செய்ததே எனக்கு ஆச்சரியம், அதனால் இதை மதிப்பெண்ணில் கழிக்க மனசு வரவில்லை. தட்டுவதற்கு முன்னால் பயனர்கள் பதிவிடுகிற நிலவரத்தையோ தன்னார்வலர்கள் செயற்கைக்கோள் சிக்னல்களைப் பதிவு செய்து போடும் சாட்நாக்ஸ் வலைப்பின்னலில் யாராவது அன்று பிடித்த பதிவையோ பார்த்துக்கொண்டு உட்கார்வது நல்லது.

மூன்றாவது, உபகரணம். எஸ்.ஓ.-50 மாதிரி கையடக்க ரேடியோவும் அதன் ரப்பர் ஆன்டெனாவும் வைத்து இதைச் செய்ய முடியாது. 600 கி.மீ.-யிலிருந்து 6,000 கி.மீ. போனால் தூரம் பத்து மடங்கு, சிக்னல் நூறில் ஒரு பங்கு. நல்ல யாகி வேண்டும். எல்.என்.ஏ. வேண்டும், அதுவும் ஆன்டெனாவின் காலடியிலேயே. கேபிளுக்குக் கீழே ரேடியோ பக்கத்தில் வைத்துப் பிரயோஜனமில்லை. 15 மீட்டர் ஆர்.ஜி.-58 கேபிளை இந்த அலைவரிசையில் போட்டால் வருகிற சிக்னலில் பாதிக்கும் மேல் வழியிலேயே கரைந்துவிடும். அனுப்புவதும் கேட்பதும் ஒரே அலைவரிசை என்பதால், அனுப்பும்போது எல்.என்.ஏ. விலகிக்கொள்கிற மாதிரி ரிலே இருந்தே ஆக வேண்டும், இல்லையென்றால் முதல் சிக்யூவிலேயே அது கருகிவிடும். எஃப்.எம்.-இல் அனுப்பினால் மைக் வழியாகப் பாக்கெட்டைக் கொடுக்காதீர்கள், டேட்டா போர்ட் வழியாகக் கொடுங்கள். மைக் பாதையில் உள்ள ஒலித் திருத்தங்கள் பாக்கெட்டின் வடிவத்தைக் கெடுத்துவிடும், மேலே அது புரியாது. இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் புதிதாகத் தொடங்குகிறவருக்கு முதல் செயற்கைக்கோளாக இதைச் சொல்ல மாட்டேன். விண்வெளி நிலையத்தின் எஃப்.எம். ரிப்பீட்டரில் கொஞ்ச நாள் பழகுங்கள், 145.990-இல் 67 ஹெர்ட்ஸ் தொனியோடு அனுப்பி 437.800-இல் கேட்பது, பிறகு இதற்கு வாருங்கள். கேட்பது மட்டும் என்றால் இன்றே தொடங்கலாம், அனுப்பத்தான் உரிமம் வேண்டும்.

கியூ.ஓ.-100 என்ற இன்னொரு அமெச்சூர் செயற்கைக்கோள் இருக்கும்போது இது எதற்கு என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. அது புவிநிலைச் சுற்றில் 26 டிகிரி கிழக்கில் அசையாமல் நிற்கிறது, எப்போதும் கிடைக்கும், குரலே பேசலாம், டாப்ளரே கிடையாது. ஒரு டிஷ்ஷைத் திருப்பி வைத்து இறுக்கிவிட்டால் போதும். ஆனால் அசையாமல் நிற்பதாலேயே அதன் வட்டமும் அசையாது. அந்த வட்டத்துக்கு வெளியே இருக்கிற ஜப்பான் அதில் என்றைக்குமே வராது. கிரீன்கியூப் நகர்ந்துகொண்டே இருக்கும், இன்று மாலை ஐரோப்பா பக்கம், நாளை அதிகாலை தூரக்கிழக்கு, அடுத்த சுற்றில் இந்தியப் பெருங்கடலுக்குத் தெற்கே ஏதோ ஒரு தீவு. ஒவ்வொரு தரிசனத்துக்கும் வேறு கூட்டம். வசதிக்கு அது, தேடலுக்கு இது. எனக்குத் தேடல் பிடிக்கும்.

கடைசியாக ஒரு வசதியைச் சொல்லாமல் முடிக்க முடியாது. அதிகம் பேர் தொடாதது, எனக்கு மிகவும் பிடித்தது. செய்தியை உடனே திருப்பிச் சொல்லாமல், இத்தனை நொடி கழித்துச் சொல் என்று செயற்கைக்கோளிடமே கொடுத்துவைக்கலாம். அது தன் நினைவில் வைத்துக்கொண்டு போகும், நேரம் வந்ததும் அப்போது எங்கே இருக்கிறதோ அங்கே சொல்லும். பல தரிசனங்களில் பழகிய ஒரு நண்பர், எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் அது தெரியவே தெரியாத தூரத்துக்கு வேலைக்குப் போய்விட்டார். வட்டத்துக்கு வெளியே. மின்னஞ்சல் அனுப்பினால் ஒரு நொடிதான், ஆனால் நாங்கள் இருவரும் அதை ஒதுக்கிவைத்துவிட்டு இதை முயற்சி செய்தோம். இந்தப் பக்கம் அது இறங்குகிற நேரத்தைக் கணக்கிட்டு, 2,400 நொடி என்று போட்டு, அவர் கால்சைனும் நலமா என்ற ஒரு வார்த்தையும் கொடுத்து அனுப்பினேன். ஏற்றுக்கொண்டதா இல்லையா என்று தெரிவதற்குள் அது கிழக்கே அடிவானத்துக்குக் கீழே போய்விட்டது. ஆன்டெனாவைக் கீழே வைத்துவிட்டு, நாற்பது நிமிடமும் மாடியிலேயே உட்கார்ந்திருந்தேன். அவருக்கு அது கிடைத்திருந்தால் அவரும் இதே மாதிரி ஒரு கணக்குப் போட்டு எனக்குக் கொடுத்தனுப்புவார், அது அடுத்த சுற்றில்தான் தெரியும்.

அடுத்த சுற்றுக்கு அதிகாலை மூன்று மணிக்கு எழுந்தேன். மேற்கே 5 டிகிரி, ஒன்றுமில்லை. 10 டிகிரி, யாரோ ஒருவரின் சிக்யூ. 17 டிகிரி இருக்கும்போது அந்தச் சத்தம், திரையில் அவர் கால்சைன், அதன் பக்கத்தில் என்னுடையது, நலம் என்ற வார்த்தை.